நோக்கம்: வெயில்

பியூன் தங்கராசு கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டு போய் மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் நாச்சிமுத்து சுவர்க் கடிகாரத்தை எட்டுத் தடவை பார்த்துவிட்டார். ஆடி மாதத்து உடுமலைக் காற்று ஜன்னல் கதவை அடித்துத் திறந்து, திறந்து அடித்து, மேசை மேலிருந்த காகிதங்களை எழுந்திரு எழுந்திரு என்று உசுப்பிக்கொண்டிருந்தது. காகிதங்களின் மேல் கல் இருந்தது. நாச்சிமுத்துவின் மேல் கல் இல்லை. அதனால் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து தண்ணீர்ப் பானை வரைக்கும் போய், தாகமில்லை என்பது தெரிந்து திரும்பி வந்தார். ஊரிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து ஜில்லாவுக்கு அனுப்புகிற சின்ன அரசு அலுவலகம் அது. மூன்று தாள், நடுவில் கார்பன் வைத்த நீளப் படிவம்; ஊசி குத்தி அடிக்கிற பழைய பிரிண்டரில்தான் அதை அடிக்க முடியும். மையைத் துப்புகிற புது மெஷினுக்குக் கார்பன் என்றால் என்னவென்றே தெரியாது. ஓடிக்கொண்டிருந்த ஒரே பழைய பிரிண்டரும், எல்லோரும் மத்தியானச் சோற்றுக்குப் போய்விட்டு வருவதற்குள் செத்துப்போயிருந்தது. நாலரைக்கு ஜில்லாவிலிருந்து வண்டி வரும். மூன்று மாதம் முன்பு நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாறுதலாகி வந்த கண்காணிப்பாளர் எப்சிபா மேடம், சற்று முன்புதான் யாரும் திறக்காத இருப்புப் பதிவேட்டைத் திறந்தார். "பின்னாடி கொட்டகையில அஞ்சு பழைய பிரிண்டர் கிடக்குல்லா சார்? அஞ்சுல ஒண்ணுகூடவா ஓடாது?" என்றார். நாச்சிமுத்து எழுந்து, "நானே போய்ப் பாத்துட்டு வர்றேனுங்க மேடம்" என்றார். "நீங்க இருங்க சார். இந்த வெயில்ல நீங்க எதுக்கு? தங்கராசு எடுத்துட்டு வரட்டும்." வெயில் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். இந்த உலகத்தில் ஆளைக் கவிழ்ப்பதில் பாதி இரக்கப்பட்டுச் செய்வதுதான்.

கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போயிற்று. உள்ளே ஒரு சின்ன மோட்டார் இருந்தது, எலுமிச்சை அளவுக்கு. அதன் அச்சை இரண்டு விரலால் திருப்பினால் வழுக்கிக்கொண்டு சுற்றாது. டிக், டிக், டிக் என்று படிப்படியாக நின்று நின்று போகும். ஒரு முழுச் சுற்றுக்கு நாற்பத்தெட்டுப் படி. மற்ற மோட்டாரெல்லாம் கரண்ட் கொடுத்தால் பைத்தியம் பிடித்துச் சுற்றும். இது ஒரு படி என்றால் ஒரு படி, ஏழு என்றால் ஏழு. சொன்ன இடத்தில் நிற்கும், நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும். முப்பத்தோரு வருஷம் ஆபீஸில் இருந்தவருக்கு இதைவிடப் பிடிக்க என்ன இருக்கிறது? எலி கடித்ததென்று யாரோ குப்பையில் போட்ட பழைய ஃபேக்ஸ் மெஷினிலிருந்துதான் தன் முதல் மோட்டாரை எடுத்தார். மோட்டார் நாலு வயரோடு வந்தால் எது எதற்கு ஜோடி என்று மீட்டர் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு வயரின் நுனியை முறுக்கிவிட்டு அச்சைத் திருப்பிப் பார்த்தால் போதும். திருப்பக் கனமாக இருந்தால் அதுதான் ஜோடி. இலகுவாகச் சுற்றினால் வேறு ஒன்று. போன் வீடியோவில் எவனோ ஒருவன் இந்தியில் சொன்னதைப் பாஷை தெரியாமலேயே கற்றுக்கொண்டார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மனைவி வசந்தாமணியிடம் அதைச் செய்தும் காட்டினார். அவள் அச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் பாத்துத்தான் பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்திருக்கோணும். ஜாதகம்னு என்னத்தையோ பாத்துட்டோம்" என்றாள். அப்போது அவளுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. டிக், டிக். இருபத்திரண்டு, இருபத்துமூன்று. தங்கராசு இப்போது பின்னால் நிற்கிற ஓட்டை ஜீப்பைத் தாண்டியிருப்பான். கொட்டகைப் பூட்டு துருப்பிடித்தது, சாவியை முதலில் இடப்பக்கம் அழுத்த வேண்டும். அவனுக்கு அது தெரியாது. தெரிய வேண்டாம். ஆனால் அவன் வாட்டசாட்டமான ஆள், ஒரு ஆட்டு ஆட்டினால் பூட்டு என்ன, கதவே கையோடு வந்துவிடும்.

ஐந்து பிரிண்டர்ப் பெட்டி. அதில் நாலு பெட்டி வெறும் கூடு. இதை மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தபோதுகூட யாராவது கேட்டிருப்பார்களோ என்று நாச்சிமுத்து சுற்றிப் பார்த்தார். திருட்டு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. கழிவுக் குழு வந்து பார்த்து, கழித்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டு, ஏலம் விட்டால்தான் அந்தப் பெட்டிகளுக்கு விடுதலை. குழு வருகிறது வருகிறது என்று ஆறு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. அதுவரை எலி பிள்ளை பெறும், பல்லி முட்டை போடும், உள்ளே நல்ல மோட்டார் உயிரோடு புதைந்து கிடக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மோட்டார்: எழுதும் தலையை இடமும் வலமும் இழுக்கச் சின்னது ஒன்று, காகிதத்தை உருட்டப் பெரியது ஒன்று. எடுத்தார். எடுத்த பிறகு பெட்டி இலேசாக இருந்தால் ஏலக்காரன் தூக்கும்போதே சந்தேகப்படுவான் என்று, ஓட்டுச் சில்லைப் பழைய பேப்பரில் சுற்றி அதே கனத்துக்கு உள்ளே வைத்தார். கழற்றின திருகாணியை ஒன்று விடாமல் திரும்பப் போட்டார். இதெல்லாம் எந்தக் கள்ளனும் செய்யக்கூடிய காரியம். ஆனால் எந்தக் கள்ளனும் செய்யாத ஒன்றையும் செய்தார். ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ளே வைத்தார். முப்பத்தோரு வருஷப் பழக்கம்; சீட்டு எழுதாமல் ஒரு குண்டூசிகூட அவர் கை வழியாக வெளியே போனதில்லை. பொருள், எண்ணிக்கை, தேதி, பெற்றுக்கொண்டவர், நோக்கம், அனுமதித்தவர். அனுமதித்தவர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டார். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ந. நாச்சிமுத்து என்று நல்ல தெளிவான கையெழுத்து. பொருள் வெளியே போகும்முன் சீட்டு உள்ளே இருக்க வேண்டும் என்பது பழைய சூப்பிரண்டு ஒருவர் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. அதனால் முதலில் சீட்டு, அப்புறம்தான் ஸ்குரூ டிரைவர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையெழுத்தால் கெடப் போகிறார்.

ஆனால் ஐந்தாவது? அதுதான் இப்போது முள். நாலைத் திறந்தது நிச்சயம், ஐந்தாவதைத் திறந்ததும் நிச்சயம், ஆனால் அதிலிருந்து எடுத்தாரா? போன வெள்ளிக்கிழமை, இதே காற்று. மூடியைக் கழற்றினார். சீட்டு எழுதினார். எழுதினது நன்றாக நினைவிருக்கிறது, பேனா சரியாக எழுதாமல் 'வெயில்' என்பதை இரண்டு தடவை அழுத்தியிருந்தார். சீட்டைக் காகிதம் போகிற தட்டின் மேல் வைத்தார். பெரிய மோட்டாரின் முதல் திருகாணி. அப்போது கொட்டகைக் கதவு காற்றில் படாரென்று அடித்தது, வெளியே தங்கராசு, "நாச்சிமுத்தண்ணா, டீ வந்திருச்சுங்க!" என்று கூப்பிட்டான். அதற்கப்புறம்? உள்ளங்கையில் அந்தக் கனம் நினைவிருக்கிறது, எண்ணெயும் தூசியும் சேர்ந்த அந்த வாசனையும். ஆனால் அது முதல் பெட்டியின் கனமா, மூன்றாவதன் கனமா? கனத்துக்குத் தேதி கிடையாதே. மஞ்சப்பையில் போட்டிருந்தால் பை கனத்திருக்கும். பையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். சனிக்கிழமை பார்த்திருக்கலாம், வசந்தாமணிக்கு அன்று காய்ச்சல். ஞாயிறும் அதே. இன்று திங்கள், வேறு பையில் சோறு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். போன் போட்டு, "வசந்தா, அந்த மஞ்சப்பையத் தொட்டுப் பாரு, கனமா இருக்குதா?" என்று கேட்டால் தீர்ந்தது. போனை எடுத்தார். நாற்காலியிலிருந்து சமையலறைக் கதவு பதினோரு அடி. அவர் அளந்திருக்கிறார். நடுவில் பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லாத இடம் நாலு அடி. போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். எடுக்கவில்லை என்றால் அந்த ஒரு பெட்டி ஓடும். எடுத்துவிட்டிருந்தால் ஐந்தும் கூடு. எடுத்தேனா? எடுக்கவில்லையா? மூடியைக் கழற்றினேன், சீட்டு எழுதினேன், முதல் திருகாணி, கதவு, டீ. மூடியைக் கழற்றினேன், சீட்டு எழுதினேன். ஒவ்வொரு தடவையும் டீ வரைக்கும் போய் நினைவு நின்றது, பிறகு நகரவேயில்லை. ஓடுகிற பெட்டி ஒன்று இருந்தாலும் தங்கராசு அதைத்தானா தூக்குவான்? அது மேலே இருக்கிறதா, அடியில் இருக்கிறதா? மேலே. இல்லை, எலி மருந்து வைக்க அடுக்கை மாற்றியபோது அடியில் போயிருக்கும். கிழக்குச் சுவரோரம். அடச்சே.

எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பியதில் ஆரம்பித்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் இடம், அவர் வீடு. ஆனால் வசந்தாமணிக்குக் கை கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது, பின்னறை ஜன்னலில் வெயில் இல்லை. மாடி எழும்பி அதை மறைத்து நின்றது. கை சீக்கிரம் தேறிவிட்டது. கால்தான் வரவில்லை. வரவில்லை என்றால் வராமல் இல்லை; டாக்டர் நடக்கலாம் என்றார், பயிற்சி கொடுக்க வந்த பெண்ணும் நடக்கலாம் என்றாள், வசந்தாமணிதான் நாற்காலியை விட்டு எழவில்லை. "எங்க போறதுக்கு நடக்கறது?" என்று கேட்டாள். காலை பதினோரு மணிக்குத் தூங்கினாள், மத்தியானம் மூன்று மணிக்குப் பல் துலக்கினாள். ஒருநாள் சாயங்காலம் அவர் வந்தபோது, "இப்பத்தான போனீங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாள். சிரிப்பதற்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "இந்த வீட்ல பொழுது எங்க நிக்குதுன்னே தெரியலீங்க" என்றாள். அந்தச் சொல் அவரை மூன்று நாள் தூங்கவிடவில்லை. நாலாம் நாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். வீட்டின் பின்புறப் பொடக்காளியில் பதினைந்தடி இரும்புக் கால் மேல் நிற்கிற தொட்டி. அதன் தலையில் மட்டும் காலை ஒன்பதிலிருந்து நாலு வரை வெயில் அடித்தது. உடைந்த பீரோவின் கண்ணாடி ஒன்று இருந்தது. பெரிய மோட்டார் ஒன்று கண்ணாடியை இடமும் வலமும் திருப்ப, இன்னொன்று மேலும் கீழும் சாய்க்க. எத்தனை மணிக்கு எத்தனை படி என்று கணக்குப் போட்டு ஒரு சின்ன எலக்ட்ரானிக் சிப்பில் ஏற்றி, ஐந்து வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் கை வெந்து, ஒரு மோட்டார் எரிந்து, ஒன்றின் அச்சு வளைந்து, கடைசியில் ஒருநாள் காலை ஒன்பது ஐந்துக்குப் பின்னறைச் சுவரில் சதுரமாக ஒரு வெயில் வந்து விழுந்தது. வசந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நல்ல கையை நீட்டி அதற்குள் வைத்தாள். "சுடுதுங்க" என்றாள். நாச்சிமுத்து சமையலறைக்குப் போய்த் தனியாக அழுதார். வயதான மனுஷன், வேறென்ன செய்வார்.

அந்த வெயிலை ஒரே இடத்தில் நிறுத்த அவருக்குத் தெரியும். அதற்குத்தான் படிப்படியாகப் போகிற மோட்டார். ஆனால் இரண்டாம் நாள், வெயில் ஒரு முழம் தள்ளி விழுந்தபோது வசந்தாமணி நாற்காலியை இழுத்துக்கொண்டு அதன் பின்னால் போவதைப் பார்த்தார். நாற்காலி வரவில்லை. எழுந்தாள், நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளினாள், உட்கார்ந்தாள். பயிற்சிக்காரப் பெண் ஒரு மாதம் கெஞ்சி நடக்காதது. அன்று இரவே நாச்சிமுத்து கணக்கை மாற்றினார். மணிக்கு ஒரு அடி நகருகிற மாதிரி. அடுத்த வாரம் ஒன்றரை. பின்னறையிலிருந்து நடு அறைக் கதவு வரைக்கும், கதவு திறந்திருந்தால் உள்ளேயும் கொஞ்சம். "உங்க வெயிலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, உங்களாட்டமே" என்று அவள் வைதாள். "பழைய மோட்டாருல்ல வசந்தா, அவ்வளவுதான் அதுக்கு முடியும்" என்று பொய் சொன்னார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவர் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான், அதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு நாளும் நிம்மதியாகத் தூங்கினார். இப்போது இரண்டு நாற்பது. வெயில் நடு அறைக் கதவை எட்டிக்கொண்டிருக்கும். அவள் நாற்காலியைத் திட்டிக்கொண்டிருப்பாள். ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. நாச்சிமுத்து துள்ளி விழுந்தார். எப்சிபா மேடம் தலை தூக்கி, "என்ன சார்?" என்றார். "காத்துங்க மேடம்." "எங்க ஊர்லயும் காத்து உண்டு. இப்படி மனுஷன அடிக்காது."

காற்று, காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் பீரோக் கண்ணாடியைத் தொட்டி மேல் கட்டியிருக்கிறார். கண்ணாடியைச் சாய்க்கிற மோட்டார் வலுவாக இருந்தால் பயமில்லை. அது வலுவாக இல்லை. அதைக் கெடுத்தவர் அவரேதான். இரண்டு மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. பின்மூடியைக் கழற்றி, நடுவிலுள்ள காந்த உருளையை உருவி வெளியே எடுத்தார். சும்மா, பார்ப்பதற்கு. பல் பல்லாக, அழகாக இருந்தது. துணியில் துடைத்துத் திரும்பப் போட்டார். ஓடியது. ஆனால் பிடிப்பு இல்லை. விரலால் தடுத்தாலே நின்றது. அப்புறம்தான் போன் வீடியோவில் ஒருவன் தமிழில் சொன்னான்: இந்த வகை மோட்டாரில் உருளையை மட்டும் வெளியே எடுக்கக் கூடாது, கூட்டுக்குள் இருக்கும்வரைதான் காந்தத்துக்கு முழு வலு, ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போட்டாலும் பழைய வலு வராது. அதைக் கேட்டபோது நாச்சிமுத்து வசந்தாமணியைப் பார்த்தார். ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோனது அவர் கைதான். வேறு பெரிய மோட்டார் கையில் இல்லை. அதற்காகத்தான் ஐந்தாவது பெட்டி. அதை எடுத்து மாட்டிவிட்டால் ஆடி முழுக்கக் கவலையில்லை என்றுதான் வெள்ளிக்கிழமை போனார். எடுத்திருந்தால் அது இந்நேரம் ஆணியில் சும்மா தொங்குகிறது, தொட்டி மேல் நோஞ்சான் மோட்டார் காற்றோடு மல்லுக்கட்டுகிறது, இங்கே மானம் போகப் போகிறது. எடுக்காமலிருந்தால் இங்கே பிழைத்தார், அங்கே கண்ணாடி கவிழும். எது நல்லது? எடுத்திருக்க வேண்டுமா, எடுக்காமல் இருந்திருக்க வேண்டுமா? மூடி, சீட்டு, திருகாணி, கதவு, டீ.

காலடிச் சத்தம். தங்கராசு உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, வயிற்றோடு ஒரு பெட்டியை அணைத்து வந்தான். நாச்சிமுத்து பெட்டியைப் பார்க்கவில்லை, அதன் சத்தத்தைக் கேட்டார். ஓட்டுச் சில்லு இருந்தால் கீழே வைக்கும்போது கடகடக்கும். தங்கராசு அதை மேசை மேல் தொப்பென்று வைத்தான். ஏதோ கடகடத்தது. ஒரு சின்னச் சத்தம். சில்லா? திருகாணியா? "அஞ்சும் ஒரே தூசிங்க மேடம். எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கென்னுங்க தெரியும். வெளிய இருந்ததத் தூக்கியாந்துட்டேன். ஒண்ணு நெறைமாசம் மாதிரி கனக்குதுங்க, இது தேவலாம்" என்று துண்டால் முகத்தைத் துடைத்தான். வெளியே இருந்தது. எது வெளியே இருந்தது? எப்சிபா மேடமே ஒயரைச் சொருகினார், படிவத்தை வைத்தார். "சார், இதெல்லாம் நீங்கதானே பாப்பீங்க? சுவிட்சப் போடுங்க" என்றார். நாச்சிமுத்துவின் விரல் சுவிட்சின் மேல் போய் நின்றது. பழனி மலையை மனசுக்குள் கும்பிட்டார். எந்த வேண்டுதலைச் சொல்வது என்று தெரியாமல் முருகா என்பதோடு நிறுத்திக்கொண்டார். போட்டார்.

பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே எழுதும் தலை ஒரு தடவை இடமிருந்து வலம் ஓடிப் போய் ஓரத்தில் முட்டி நின்றது. உருளை முனகியது. அந்தச் சத்தம், அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், படிப்படியாக ஏறுகிற ரீங்காரம். பெரிய மோட்டார் உள்ளேதான் இருந்தது. எடுக்கவில்லை! டீக்குப் போய்விட்டார், மூடியை மூடிவிட்டார், எடுக்கவேயில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊசி கரகரவென்று கிணறுகளை அடிக்க ஆரம்பித்தது. "பாத்தீங்களா, ஓடுதே!" என்று எப்சிபா மேடம் சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். படிவம் ஒவ்வொரு வரியாக மேலே ஏறியது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு இன்னொரு காகிதமும் ஏறியது. சின்னத் துண்டு. உருளை அதையும் தன் கடமையாக நினைத்து ஒழுங்காக உருட்டிக் கொடுத்தது. மேடம் அதைக் கிழியாமல் பிரித்து எடுத்தார். நாச்சிமுத்து கையை நீட்டினார், எட்டவில்லை.

மேடம் ஒரு தடவை மனசுக்குள் படித்தார். அப்புறம் வாய்விட்டுப் படித்தார். "பொருள்: காகிதம் உருட்டும் மோட்டார், ஒன்று. பெற்றுக்கொண்டவர்: ந. நாச்சிமுத்து." நிறுத்தினார். "நோக்கம்: வெயில்."

ஊசி அடித்துக்கொண்டே இருந்தது. தங்கராசு துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"சார், மோட்டார் இதுக்குள்ளதானே ஓடுது?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏதோ பழைய சீட்டு மேடம், எடுக்கலாமென்று நினைத்து எடுக்காமல் விட்டது என்று சொன்னால் அது சத்தியமும்கூட. இந்த ஒரு பெட்டியைப் பொறுத்தவரை அவர் குற்றமற்றவர். ஆனால் இத்தனை நேரம் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் களைத்துப்போயிருந்தார். "இதுலிருந்து எடுக்கலீங்க மேடம். மத்த நாலுலயும் எடுத்துட்டேனுங்க. அதுகள்லயும் சீட்டு இருக்குதுங்க" என்றார். சொன்னதும் காற்றுச் சத்தம்கூட அவருக்கு நன்றாகக் கேட்டது. கண்ணாடி, தொட்டி, பக்கத்து மாடி, வசந்தாமணியின் கால், வெயில் நகருவது, எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொன்னார். மேடம் சீட்டை இருப்புப் பதிவேட்டுக்குள் வைத்து மூடினார். "எங்கிட்ட கேட்டிருந்தாலும் நான் தந்திருக்க முடியாது சார். இப்போ பாத்துட்டு விடவும் முடியாது. விளக்கம் எழுதிக் குடுங்க. எப்போ திருப்பித் தருவீங்கன்னு தேதி போட்டு எழுதுங்க. அது இருந்தாத்தான் நான் மேல ஏதாவது பேச முடியும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வெள்ளைத் தாளை எடுத்து, ஓரம் மடித்து, எழுத உட்கார்ந்தார். இந்த மாதிரி எத்தனை விளக்கங்களை மற்றவர்களுக்காக எழுதிக் கொடுத்திருப்பார். பொருள், பார்வை, பணிந்து சமர்ப்பிப்பது. நாலு பெரிய மோட்டார், நாலு சிறியது. ஒன்று எரிந்துவிட்டது, அதற்கு ஈடு செய்கிறேன். ஒன்றின் அச்சு வளைந்துள்ளது. ஒன்று என் ஆர்வக்கோளாறால் வலுவிழந்தது. பைக்குள்ளிருந்த சின்ன மோட்டாரை எடுத்து மேசை மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். மீதியை, என்று எழுதி, தேதி வரவேண்டிய இடத்தில் பேனா நின்றது. தேதி போட்டால் அந்தத் தேதியில் ஏணி வைத்துத் தொட்டி மேல் ஏற வேண்டும். கண்ணாடியை இறக்க வேண்டும். கீழே இறங்கி வீட்டுக்குள் போய் அவளிடம் என்ன சொல்வது? நாற்காலி மறுபடி சுவரோரம் போகும். எங்கே போவதற்கு நடப்பது என்று கேட்பாள். மொட்டையடித்த தலையைப் போலத் தாளில் அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. மூன்று மாத அவகாசம் கேட்கலாமா? மூன்று மாதத்தில் நடந்துவிடுவாளா? அடுத்த மேசையில் பிரிண்டர் கடைசிக் கிணற்றை அடித்து முடித்து நின்றது. போன் அதிர்ந்தது. வசந்தாமணி.

"ஏனுங்க, சோலியா இருக்கீங்களா?"

"சொல்லு வசந்தா."

"உங்க வெயிலு போச்சுங்க. நடு ரூமுக் கதவுகிட்ட வந்துச்சு, நானும் போயி உக்காந்தேன். சட்டுனு காணோம். காத்து ஒரு தூக்குத் தூக்கியிருக்குது, கண்ணாடி வானத்தப் பாத்துட்டு நிக்குது."

போச்சு, இதுவும் போச்சு என்று அவர் கண்ணை மூடினார். நோஞ்சான் மோட்டார் கைவிட்டுவிட்டது. மூடிய கண்ணுக்குள் பின்னறை ஜன்னல் வந்தது, அதன் வழியாகத் தெரிகிற மாடிச் சுவர் வந்தது. ஜன்னலிலிருந்து தொட்டியின் காலும் கண்ணாடியின் ஓரமும்தான் தெரியும். கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரியாது. எந்த ஜன்னலிலிருந்தும் தெரியாது.

"கண்ணாடி வானத்தப் பாக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணுல பாத்துட்டுத்தான சொல்றேன்."

"எங்க இருந்து?"

"பொடக்காளில இருந்துதான். பொழுதக் காணோமே, என்னாச்சோன்னு சொவுத்தப் புடிச்சுட்டு வந்தேனுங்க."

"யாரு கூட்டியாந்தா?"

"யாரு கூட்டியாருவா இந்நேரத்துல. நாந்தானுங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. காற்றும் அவள் மூச்சும் போனுக்குள் சேர்ந்து இரைந்தன. "அந்தக் கண்ணாடி இருந்தா இருக்குது, போனாப் போவுதுங்க. நீங்க ஏணியில கீணியில ஏறிப்போடாதீங்க இந்தக் காத்துல. இங்க வேலிப் படலத் தாண்டுனா சந்துல நல்ல வெயிலு அடிக்குது. கொஞ்ச நேரம் நின்னுட்டு வர்றேன்."

"வசந்தா, இரு, பாத்து..." என்றார். அவள் கேட்கவில்லை, போனைக் காதிலிருந்து எடுத்திருப்பாள், ஆனால் நிறுத்தத் தெரியாமல் விட்டிருந்தாள். நாச்சிமுத்து போனை அப்படியே தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை எப்சிபா மேடம் பார்த்தார், பார்க்காத மாதிரி படிவங்களை அடுக்கினார். "முடிஞ்சுதா சார்?" என்று மட்டும் கேட்டார். "ஒரு தேதி பாக்கிங்க மேடம்" என்று பேனாவை எடுத்து, காலி இடத்தில் நாளைய தேதியைப் போட்டார். போனில் காற்று இரைந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே, எங்கேயோ தள்ளி, வசந்தாமணி யாரிடமோ சத்தம் போடுவது கேட்டது: "அந்தச் சைக்கிளக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நிறுத்துங்க. வழியில நிக்குது பாருங்க, ஆளு நடக்கோணுமல்ல."